சுண்ணாம்புச் சத்து குடலைக் காக்குமா?

(திருவனந்தபுரத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஜீரண மண்டல மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு முன்னால் பேசியவர் நாராயணீயத்தைப் பற்றி மிக அழகாகச் சொன்னார். அதைக் கேட்ட காதால் உடனே பெருங்குடலைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். மேல்பத்தூர் பட்டதிரியும் உடம்பு உபாதையோடுதான் குருவாயூரப்பன் சன்னிதிக்குப் போனார் என்பதால், அவ்வளவு ஒட்டாத விஷயம் என்றும் சொல்ல முடியாது.

நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம், கரமனையில் ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்து கை அலம்புகிற இடத்தில் ஒரு மாமி கேட்ட கேள்வி. "டாக்டர், எங்காத்து மாமாவுக்குப் போன வருஷம் கொலனோஸ்கோப்பி பண்ணி ரெண்டு பாலிப் எடுத்தா. கால்சியம் சாப்பிட்டா திரும்ப வராதுன்னு நியூ ஜெர்ஸியிலேர்ந்து பிள்ளை பெரிய பாட்டிலா அனுப்பியிருக்கான். தினம் ரெண்டு போட்டுக்கறார். இனிமே அந்தக் குழாய் விடற டெஸ்ட் வேண்டாமோல்லியோ?"

கேள்வியின் முதல் பாதியில் தப்பில்லை. ஒரு காலத்தில் நானே அதை நம்பி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் பாதிதான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பாலிப் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பெருங்குடலின் உள்சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி அது. சிலது காளான் போலக் காம்போடு நிற்கும். சிலது தட்டையாகப் படர்ந்திருக்கும். பெரும்பாலும் வலிக்காது, இருப்பதே தெரியாது. இவற்றில் அடினோமா என்ற வகைதான் நம் கவலைக்குரியது. எல்லா அடினோமாவும் புற்றுநோயாவதில்லை. மிகச் சிலதான் ஆகும். ஆனால் பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பகுதி அடினோமாவில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குச் சுமார் பத்து வருஷம் பிடிக்கிறது. அந்தப் பத்து வருஷம் பகவான் நமக்குக் கொடுத்த அவகாசம். அதற்குள் கண்டுபிடித்துக் கிள்ளி எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒருமுறை முளைத்த குடலில் இன்னொரு இடத்தில் புதிதாக முளைக்கும் சுபாவம் உண்டு. அதனால்தான் எடுத்த பிறகும் திரும்பிப் பார்க்கச் சொல்கிறோம்.

இதில் கால்சியம் எங்கே வந்தது? நம் வீடுகளில் கிணற்று நீரோ போர்வெல் நீரோ கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகும், பார்த்திருப்பீர்கள். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்பின் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாக ஆக்கிவிடுகிறது. குடலிலும் இதேதான் நடக்கிறது என்று 1984-ல் நியூமார்க், வார்கோவிச், புரூஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கொழுப்பு ஜீரணமாவதற்காகச் சுரக்கும் பித்த அமிலங்களும் மிச்சமாகும் கொழுப்பு அமிலங்களும் பெருங்குடலுக்குள் போய் அதன் உள்தோலை அரிக்கின்றன. அரிப்பட்ட இடத்தில் செல்கள் அவசர அவசரமாகப் பெருகுகின்றன. கால்சியம் போதுமான அளவு இருந்தால் அந்த அமிலங்களைக் கட்டிப்போட்டு வெளியே அனுப்பிவிடும். இதுதான் அவர்கள் வாதம். எஸ்.எஸ்.எல்.சி. கெமிஸ்ட்ரி தெரிந்தவர்களுக்கே புரியக்கூடிய அழகான வாதம். அழகாக இருப்பதெல்லாம் நிஜமாகிவிடுமா என்பது வேறு விஷயம்.

மறு வருஷம், 1985-ல், இரண்டு செய்திகள் வந்தன. சிகாகோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி ஊழியர்களைப் பத்தொன்பது வருஷம் தொடர்ந்து கவனித்ததில், உணவில் கால்சியமும் வைட்டமின் டி-யும் அதிகம் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் குடல் புற்றுநோய் குறைவாக வந்திருந்தது. இன்னொரு பக்கம் லிப்கின் என்ற மருத்துவரும் நியூமார்க்கும் சேர்ந்து, குடல் புற்றுநோய் வரும் குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேருக்குக் கால்சியம் கொடுத்து, குடல் தோலில் செல் பெருகும் வேகம் அடங்கியதைக் காட்டினார்கள். பத்தே பேர்தான். ஆனாலும் உலகம் முழுக்க ஒரு எதிர்பார்ப்பு கிளம்பிவிட்டது. நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதற்கெல்லாம் முன்னாலேயே, 1967-ல், எஸ். எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே டாக்டர் இந்தியாவில் ஜீரண மண்டலப் புற்றுநோய்கள் இடத்துக்கு இடம் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்து, சாப்பாட்டுப் பழக்கத்தில் காரணம் தேடினார். ரயில்வே குடும்பங்கள் நிறைந்த சபை இது என்பதால் அவர் பெயரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பிறகு 1999 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல்' இதழில் அந்தப் பெரிய ஆராய்ச்சி வந்தது. ஜான் பேரன் என்பவர் தலைமையில், அடினோமா எடுக்கப்பட்ட 930 பேரை இரண்டு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்குத் தினம் 3 கிராம் கால்சியம் கார்பனேட்; அதில் நிஜமான கால்சியம் 1200 மில்லிகிராம். மற்றவர்களுக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரை. ஒரு வருஷம் கழித்தும் நான்கு வருஷம் கழித்தும் குடலைப் பார்த்தார்கள். இரண்டு பரிசோதனைக்கும் இடைப்பட்ட காலத்தில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கும், கால்சியம் சாப்பிட்டவர்களில் 31 பேருக்கும் அடினோமா புதிதாகக் கண்டது.

இங்கே ஏஜீஸ் ஆபீசிலும் பாங்கிலும் கணக்குப் பார்த்தே ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கவனியுங்கள். 38 எங்கே, 31 எங்கே? நூறு பேர் சாப்பிட்டால் ஏழு பேருக்கு லாபம். மீதி 31 பேருக்கு, மாத்திரையை ஒருநாள் விடாமல் சாப்பிட்டும் பாலிப் வந்தது. அந்த ஆராய்ச்சி சிறிய லாபம் என்றுதான் சொன்னது. தடுப்பு மருந்து என்று சொல்லவில்லை. தினசரிப் பத்திரிகைகளில் வந்தபோது 'கால்சியம் குடலைக் காக்கும்' என்று வந்தது. நானும் அந்தச் சமயத்தில்தான் எழுத ஆரம்பித்தேன்.

2001-ல் என்னிடம் ஒருவர் வந்தார். வலியசாலைக்காரர், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூலத்தில் ரத்தம் என்று வந்தவருக்குக் குடலைப் பார்த்ததில் 12 மில்லிமீட்டர் பாலிப் ஒன்று இருந்தது. எடுத்தோம். பயாப்ஸியில் அடினோமா, அதுவும் கொஞ்சம் கவனிக்க வேண்டிய வகை. மூன்று வருஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னேன். கூடவே கால்சியமும் எழுதினேன். மனுஷர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று சாப்பிட்டு, ஒரு டயரியில் டிக் போட்டு வைத்துக்கொண்டார். மூன்று வருஷம் ஆயிற்று, வரவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒருநாள் எதிர்ப்பட்டார். "என்ன சார், செக்கப்புக்கு வரலையே?" என்றேன். "அதுக்குத்தான் நீங்க எழுதிக் குடுத்ததை ஒருநாள் விடாம சாப்பிடறேனே டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் அவசரத்தில், சீக்கிரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

2008-ல் வந்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று இருதயத்துக்குக் காட்டப் போயிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7. இருதயத்தில் ஒன்றுமில்லை, வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் ஆயிற்று. அக்கம்பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் பரவியிருந்தது. இரண்டு வருஷம் இருந்தார். டயரி கடைசிவரை எழுதினார்.

மாத்திரை அவருக்குக் கெடுதல் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொன்ன இரண்டு விஷயங்களில் சுலபமானது அவரிடம் தங்கிவிட்டது; அவசியமானது போய்விட்டது. அவர் மேல் தப்பில்லை. இரண்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

கதை அதோடு முடியவில்லை. கால்சியம் ஏன் சிலருக்கு மட்டும் பலன் தந்தது என்று பார்த்தவர்கள், ரத்தத்தில் வைட்டமின் டி நிறைய இருந்தவர்களுக்கே பலன் என்று 2003-ல் கண்டார்கள். அப்படியானால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அதே பேரன் குழு இன்னும் பெரிதாக ஒரு பரிசோதனை நடத்தியது. 2259 பேர். கால்சியம் 1200 மில்லிகிராம், வைட்டமின் டி 1000 யூனிட், இரண்டும், அல்லது இரண்டும் இல்லாமல். மூன்றிலிருந்து ஐந்து வருஷம். 2015-ல் முடிவு வந்தது. ஆக மொத்தம் 43 சதவீதம் பேருக்கு அடினோமா திரும்ப வந்திருந்தது. மாத்திரை சாப்பிட்டதால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. வைட்டமின் டி-யாலும் இல்லை. முதல் ஆராய்ச்சியை நடத்திய அதே கை, இரண்டாவதின் முடிவையும் மறைக்காமல் எழுதியது. சாஸ்திரம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

2018-ல் அதே ஆட்களை மேலும் தொடர்ந்து கவனித்த இன்னொரு கட்டுரை வந்தது. மாத்திரை ஆரம்பித்து ஆறிலிருந்து பத்து வருஷம் கழித்துப் பார்த்ததில், கால்சியம் சாப்பிட்டவர்களுக்கு ரம்பப்பல் விளிம்புபோல அமைந்த தட்டையான வேறொரு வகை பாலிப் அதிகமாகத் தெரிந்தது. இதுவும் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய ஜாதிதான். இந்த முடிவை இன்னும் உறுதிப்படுத்த வேண்டும் என்று எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் 'சாப்பிட்டு வைப்போமே, கெடுதல் ஒன்றுமில்லையே' என்ற பேச்சு இனி செல்லாது.

கெடுதல் என்றதும் சிறுநீரகக் கல் ஞாபகத்துக்கு வருகிறது. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 36,282 பெண்களுக்கு ஏழு வருஷம் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்துப் பார்த்ததில், குடல் புற்றுநோய் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. 2006-ல் வந்த முடிவு இது. நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் போதாமல் இருக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, எலும்புத் தேய்மானத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியத்தை யாரும் நிறுத்திவிடக் கூடாது. அது வேறு காரணம், வேறு கணக்கு. ஆனால் அதைச் சாப்பிடும் முறையில் நம் வீடுகளில் நிறையக் குளறுபடி நடக்கிறது. காலையில் தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒரே வாய்த் தண்ணீரில் போய்விடுகின்றன. கால்சியம் தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையோடும் சேரக் கூடாது. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும். நெஞ்செரிச்சலுக்குத் தினம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது சரியாகச் சேராது. டாக்டரைக் கேட்டு சிட்ரேட் வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். அட்டையில் 500 என்று போட்டிருந்தால், பெரும்பாலும் 1250 மில்லிகிராம் கார்பனேட்டில் 500 கால்சியம் என்று அர்த்தம்.

இசப்கோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி வெந்நீரில் இசப்கோல் கரைத்துக் குடித்தால் குடலுக்கு ஒன்றும் வராது என்று திடமாக நம்புகிறவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். ஐரோப்பாவில் பாலிப் எடுத்த 665 பேரை மூன்று கூறாகப் பிரித்து, கால்சியம், இசப்கோல், வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2000-ல் லான்செட் இதழில் வந்தது. கால்சியத்தின் பலன் உறுதிப்படவில்லை. இசப்கோல் சாப்பிட்டவர்களுக்கோ பாலிப் திரும்ப வருவது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது! மலச்சிக்கலுக்கு அது நல்ல மருந்து, தாராளமாகச் சாப்பிடலாம். பாலிப் வராமல் தடுக்கும் என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம்.

சரி, பாலும் தயிரும்? இது நமக்குச் சந்தோஷமான பகுதி. பத்து நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை 2004-ல் பார்த்ததில், தினம் 250 கிராமோ அதற்கு மேலோ பால் சாப்பிடுகிறவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் சுமார் 15 சதவீதம் குறைவு. 2025 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வில், ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த பெண்களைப் பதினாறு வருஷத்துக்கு மேல் கவனித்ததில், தினம் 300 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாக உணவில் சேர்ந்தவர்களுக்கு 17 சதவீதம் குறைவு. அது ஏறத்தாழ ஒரு பெரிய டம்ளர் பால். இவை கவனித்து எழுதியவை, கொடுத்துச் சோதித்தவை அல்ல. பால் சாப்பிடுகிறவர் வேறு நல்ல பழக்கங்களும் உள்ளவராக இருக்கலாம். ஆனாலும் மோர் சாதத்தை விடச் சொல்லி எந்த ஆராய்ச்சியும் வரவில்லை என்பதில் எனக்குத் தனிப்பட்ட முறையிலும் திருப்தி. ஐ.சி.எம்.ஆர். 2020-ல் பெரியவர்களுக்குத் தினம் 1000 மில்லிகிராம் என்று வைத்தது. இரண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேழ்வரகு, கிடைத்தபோது அகத்திக்கீரை, கொஞ்சம் எள் என்றால் பெரும்பகுதி வந்துவிடும். காபியில் விடும் அரைக் கரண்டிப் பாலை ஒரு டம்ளர் என்று கணக்கு எழுதாதீர்கள்.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். 'நாம் சைவம், நமக்கு இதெல்லாம் வராது' என்பது தப்பு. அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் சமயத்தவர்களிடையே நடந்த ஆய்வில் சைவ உணவுக்காரர்களுக்கு 22 சதவீதம் குறைவு என்று 2015-ல் எழுதினார்கள். குறைவு, சரி, நூற்றுக்கு நூறு இல்லையே. நம் திருவனந்தபுரமே இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகளில், ஆண்களின் பெருங்குடல் புற்றுநோயில் மேல்வரிசையில் வந்த ஊர். மேலைநாடுகளோடு பார்த்தால் எண்ணிக்கை குறைவுதான். நம்மவர்கள் முன்னைப்போல் நடப்பதுமில்லை, சீக்கிரம் படுப்பதுமில்லை.

இப்போது மறுபரிசோதனைக்கு வருகிறேன். ஒருவருக்குப் பாலிப் எடுத்தால் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டியது இரண்டு காகிதங்கள்: கொலனோஸ்கோப்பி ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட். அடுத்த தேதி அவற்றை வைத்துத்தான். அமெரிக்க நிபுணர் குழு 2020-ல் சொன்ன கணக்கு இது: சிறியதாக ஒன்றிரண்டு அடினோமா மட்டும் என்றால் ஏழிலிருந்து பத்து வருஷம், மூன்று நான்கு என்றால் மூன்றிலிருந்து ஐந்து வருஷம், 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, அல்லது பயாப்ஸியில் கவலைக்குரிய அமைப்பு என்றால் மூன்று வருஷம், பத்துக்கு மேல் இருந்தால் ஒரே வருஷம். பாருங்கள், சிலருக்குப் பத்து வருஷம் கூடப் போகலாம். வருஷா வருஷம் பண்ணச் சொல்லி யாராவது பயமுறுத்தினாலும் காரணம் கேளுங்கள்.

பரிசோதனைக்குப் பயப்படுகிறவர்கள் உண்மையில் பயப்படுவது முந்தின நாளுக்குத்தான். ஏகாதசி உபவாசம் இருந்து பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தெளிந்த நீராகாரம், இளநீர், பால் விடாத காபி ஆகலாம். சிவப்பு நிறப் பானம் கூடாது. மருந்து கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துக் குடல் தெளிவாகும்வரை போக வேண்டும். சர்க்கரை மாத்திரையையும், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மயக்க ஊசி போடுவதால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சங்கோஜம் என்று ஒன்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆசாரமான குடும்பத்துப் பெண்மணிகள், மலத்தில் ரத்தம் போவதை வருஷக் கணக்கில் பெண்ணிடம்கூடச் சொல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் போனால் 'மூலம்தான்' என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. வயதானவருக்குக் காரணமில்லாமல் ரத்தசோகை வந்தாலும் குடலைப் பார்த்தாக வேண்டும்.

கரமனை மாமிக்கு வருகிறேன். ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னேன், மறுநாளே கொண்டுவந்தார். மாமாவுக்கு எடுத்த இரண்டில் ஒன்று 11 மில்லிமீட்டர். ஆக, 2 வருஷம் கழித்து ஒரு தேதி இருக்கிறது. அந்த மாதத்தை, பூஜை அறையில் மாட்டியிருக்கும் காலண்டரின் பின்பக்கம் பெரிதாக எழுதி வைக்கச் சொன்னேன். மாத்திரை பாட்டிலைப் பற்றிக் கேட்டார். மாமாவுக்கு எலும்புக்காகத் தேவையா என்று பார்த்துக்கொண்டு வைத்துக்கொள்ளலாம், குடலுக்காக வேண்டாம் என்றேன். "பிள்ளை டாலர் குடுத்து வாங்கினதாச்சே" என்று முணுமுணுத்தார்.

அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். வெளியூர்களிலிருந்து இந்த உரையைப் பத்திரிகையில் படிக்கப் போகிறவர்களுக்கும் அது பொருந்தும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பெரிய அடினோமாவோ குடல் புற்றுநோயோ வந்திருந்தால், பிள்ளைகளும் கூடப் பிறந்தவர்களும் பொதுவாக நாற்பது வயதிலேயே பரிசோதனையை ஆரம்பிக்க வேண்டும். நியூ ஜெர்ஸிப் பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வயது என்று மாமி சொன்னார். அன்று ராத்திரியே அவனுக்கு போன் போட்டிருக்கிறார்.

சந்தேகம் இருந்தால் இப்போதே கேட்கலாம். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருக்கிறவர்கள், காபி கொடுக்கிற இடத்தில் ஓரமாக நின்றுகொண்டிருப்பேன், அங்கே வந்து கேளுங்கள்.